'முடியாது' சொல்லும் கடை

பசிபிக் கடல் நடுவே இருக்கிற எங்கள் கிரிபாஸில் கடை வைத்து உருப்பட்டவர்கள் சீனர்கள் மட்டும்தான். அவர்களுடைய சாமர்த்தியம், உழைப்பு என்று வெளிநாட்டுக்காரர்கள் ஆயிரம் காரணம் எழுதுவார்கள். வெங்காயம். அவர்களுக்கு இந்தத் தீவில் மாமன் மச்சான் கிடையாது, அவ்வளவுதான் சங்கதி.

நம்மாள் ஒருவன் கடை திறந்தால் அன்று காலையிலேயே பெரியப்பா வந்து நிற்பார். நலம் விசாரிப்பார், வெயிலைத் திட்டுவார், பிறகு, "புபுசி கேட்டு வந்தேன் தம்பி, அந்த அரிசி மூட்டை" என்பார். தீர்ந்தது கதை. சொந்தக்காரர் ஒருவர் புபுசி என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டால் கொடுத்தே ஆக வேண்டும். அது கடனும் இல்லை, தானமும் இல்லை. நாளைக்கு நாமும் அவரிடம் போய்க் கேட்கலாம், அவரும் கொடுத்தாக வேண்டும். மறுக்க மட்டும் கூடாது. மறுத்தவன் மானம் அன்றோடு போச்சு, பேரப்பிள்ளை காலம் வரைக்கும் ஊர் சொல்லிக்காட்டும். இங்கே இருக்கிற ஜனமெல்லாம் எப்படியோ ஒருவருக்கொருவர் சொந்தம் என்பதால், கடை வைப்பது என்றால் கொஞ்சம் மெதுவாக விருந்து வைப்பது என்று அர்த்தம்.

அமைச்சக உத்தியோகஸ்தன் பிரிபோவின் தங்கை கினாய் அந்த விருந்தை மூன்று முறை வைத்துவிட்டாள். முதல் கடை அரிசியும் மாவும்; அள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டாவது மீன் கடை. மீனை ஆளுக்கு ஒன்றாகக் கேட்டு முடித்ததும், சித்தி ஒருத்தி வந்து ஐஸ் பெட்டியையே கேட்டுவிட்டாள். மூன்றாவது, கினாய் தன் கையால் தைத்த சிபுத்தா ரவிக்கைகள். தோளிலும் மார்பிலும் நெருக்கி நெருக்கிச் சுருக்கு வைக்கும் அந்தத் தையலில் பேசோ ஊரில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இந்தத் தடவை உஷாராக, 'தயவுசெய்து புபுசி கேட்காதீர்கள்' என்று கடை வாசலில் பலகை மாட்டினாள். மச்சான் முறைக்காரன் ஒருவன் வந்தான், படித்தான், தன் பன்றிக் கொட்டிலுக்குக் கதவு இல்லை என்று சொல்லி அந்தப் பலகையைப் புபுசி கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகுதான் கினாய் ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கும் வேலைக்குப் பெயர் கொடுத்தாள். பெயரும் வந்துவிட்டது. மூன்று வருஷ ஒப்பந்தம். கணவன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவன், போன துறைமுகம் ஒன்றில் வேறு குடும்பம் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டான். ஒன்பது வயது மகள் ரூத்தாவை விட்டுவிட்டுப் போவதென்றால் அண்ணனிடம்தான் விட வேண்டும். அண்ணன் சரியென்றால் போகலாம், இல்லையென்றால் இல்லை.

பிரிபோவுக்கு அவள் போவதில் துளியும் இஷ்டமில்லை. கல்யாணம் என்கிற வம்புக்கே போகாதவன் அவன். அம்மா போன பிறகு ஒரே வளவில் அவன் குடிசை இந்தப் பக்கம், அவள் குடிசை அந்தப் பக்கம். காலையில் அவள் குரல் கேட்டுத்தான் எழுந்திருப்பான். அது இல்லாமல் மூன்று வருஷம் என்பதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் அவள் வாயைத் திறந்து புபுசி என்று கேட்டுவிட்டால் மறுக்க முடியாது. ஆகவே அவள் கேட்காமல் பார்த்துக்கொண்டான்.

"அண்ணே, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்பாள் அவள், சோறு போட்டுக்கொண்டே.

"பன்னி கத்துதே, கயிறு அவுந்துடுச்சு போல" என்று எழுந்து ஓடுவான். பன்றி பாட்டுக்கு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தவனுக்கு அமைச்சகத்தில் ஒரு வரம் கிடைத்தது. அவன் வணிகப் பிரிவில் துணை அதிகாரி. அமைச்சர் வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குப் போனவர், எல்லா நாட்டுக்காரர்களும் கையைத் தூக்குகிறார்களே என்று தானும் தூக்கிவிட்டு வந்தார். எதற்குத் தூக்கினார் என்பது பிறகுதான் கடிதமாக வந்தது. தேசிய மின்வணிக உத்தி ஒன்றை உருவாக்கி, சோதனைக்கு ஓர் இணையக் கடையும் நடத்திக் காட்ட வேண்டுமாம். செயலாளர் நகிபே கடிதத்தைப் படித்துவிட்டு, தன் மேசையில் இருக்க வேண்டாத எதையும் எப்போதும் செய்வதுபோல, அதை பிரிபோவின் மேசைக்குத் தள்ளினார்.

மற்றவனாக இருந்தால் தலையில் கை வைத்திருப்பான். பிரிபோவுக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இரவும் பகலும் யோசித்தான். ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேட்பதுதான் புபுசி. முகத்தைப் பார்ப்பதால்தான் மறுக்கக் கூச்சம். திரைக்கு முகம் ஏது? கினாயின் ரவிக்கைகளைத் திரையில் வைத்துவிட்டால் எந்தப் பெரியப்பா வந்து யாரிடம் கேட்பார்? கடை நிற்கும். கடை நின்றால் தங்கை நிற்பாள். நாடு முன்னேறுவதெல்லாம் அதற்குப் பிறகு.

தங்கையின் கடையையே சோதனைக் கடையாக வைப்பது முறையா என்று கேட்கிறீர்களா? இங்கே யாரை எடுத்தாலும் யாருக்காவது தங்கைதான். அதையெல்லாம் பார்த்தால் மந்திரிசபையே கூட முடியாது.

உத்தி எழுத பிரிஸ்பேனிலிருந்து ஃபியோனா என்ற ஆலோசகர் வந்தாள். நல்ல பெண், மூக்கு மட்டும் வெயிலில் உரிந்துகொண்டே இருக்கும். அவள் கொண்டுவந்த மாதிரி அறிக்கையில் 'மலைப்பகுதிகளில் பொருள் விநியோகம்' என்று ஓர் அத்தியாயம் இருந்தது. தென்னை மரத்தை விட்டால் ஏறி நிற்க உயரமே இல்லாத நாடு இது. அவளே சிரித்துவிட்டு அதை நீக்கப் போனாள். நகிபே தடுத்தார், பக்கம் குறைந்தால் அமைச்சருக்குப் பிடிக்காது என்றார்.

கணினிப் பிரிவு தாமுவேரா கடையைக் கட்டிக் கொடுத்தான். ரவிக்கையின் படம், விலை, 'வாங்கு' என்று ஒரு பொத்தான், கீழே சந்தேகம் கேட்க ஒரு பெட்டி. முதல் நாள் அமைச்சக ஊழியர்கள் மட்டும் சோதித்துப் பார்த்தார்கள். 'வாங்கு' பொத்தானை ஒரு பிள்ளையும் தொடவில்லை. எல்லோரும் பெட்டியில் எழுதினார்கள். 'பச்சை ரவிக்கை, என் அக்காவுக்கு, புபுசி.' 'எனக்கும் அதேதான், கொஞ்சம் பெரிய அளவு, புபுசி.' எல்லாவற்றுக்கும் மேலே, 'நீல ரவிக்கை. மனைவிக்குப் பிறந்தநாள். புபுசி. நகிபே, செயலாளர்.'

"என்ன சார் நீங்களே?" என்றான் பிரிபோ.

"நேர்ல கேக்கக் கூச்சமா இருந்துச்சுப்பா. இது ரொம்ப வசதி" என்றார் நகிபே.

திரைக்கு முகம் இல்லை என்பது மறுப்பவனுக்கு மட்டுமல்ல, கேட்பவனுக்கும் வசதிதான் என்பது பிரிபோவுக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டியை எடுத்துவிடலாமா என்றால், சந்தேகம் கேட்க இடமில்லாத கடைக்கு நிதி கிடைக்காது என்றாள் ஃபியோனா. சரி, பெட்டியில் யார் எதை எழுதினாலும் இயந்திரமே பதில் சொல்லிவிடட்டும் என்று முடிவாயிற்று. பதில் என்ன என்று எழுதக் குழு கூடியது.

"'மன்னிக்கவும், இது விற்பனைக்கு மட்டும்'னு போடுங்களேன், முடிஞ்சுது" என்றாள் ஃபியோனா.

அறையில் யாரும் பேனாவைத் தொடவில்லை.

"இதை யார் சொல்றதா வருது?" என்றார் நகிபே.

"யாரும் சொல்லல சார். இயந்திரம் சொல்லுது" என்றான் பிரிபோ.

"இயந்திரம் யாரோடது?"

"அரசாங்கத்தோடது."

"அரசாங்கத்துல யாரு?"

"நீங்கதான் சார், செயலாளர்."

"ஆக, நான் எங்க சித்தப்பாவைப் பார்த்து 'விற்பனைக்கு மட்டும்'னு சொல்றேன். நாளைக்கு நான் செத்தா குழி வெட்ட யாரு வருவா? ஃபியோனா வருவாளா?"

தேவைப்பட்டால் வருவதாக ஃபியோனா சொன்னாள். பாவம், மனதாரத்தான் சொன்னாள்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகக் குழு வாரக்கணக்கில் கூடிக் கலைந்தது. சாப்பிட்ட பிஸ்கட்டுக்குக் கணக்கில்லை. 'யோசித்துச் சொல்கிறோம்' என்றால் யோசிப்பது போலாகிறது. 'கையிருப்பில்லை' என்றால் பொய், படம் பல்லை இளிக்கிறது. கடைசியில் நகிபே கண்டுபிடித்தார்: 'கப்பல் வந்ததும்.' வீட்டுக்கு வீடு சொல்கிற பதில்தான், யார் மனமும் நோகாது என்று எல்லோரும் மேசையைத் தட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தப் பதிலோடு, ஊர்க்காரர்களையும் சேர்த்து இரண்டாம் சோதனை நடந்தது. மறு வாரம் கப்பல் வந்தது. கப்பல் வரத்தானே செய்யும்? பேசோ துறைமுகத்தில் குடையும் கூடையுமாகக் கூட்டம். "அரசாங்கம் ரவிக்கை தர்றேன்னு சொல்லிருக்கு" என்று வரிசை கட்டி நின்றார்கள். அரசாங்கம் சொன்ன சொல் என்பது அண்ணன் சொன்ன சொல் என்று, கினாய் தைத்து வைத்திருந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் வெறும் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, "அண்ணே, உங்கிட்ட ஒண்ணு" என்று ஆரம்பித்தாள்.

"கடை வரட்டும் கினாய். எதுவா இருந்தாலும் கடை வந்தப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே நடந்தான். இந்தத் தடவை பன்றியைக்கூடச் சொல்லவில்லை. அவளும் எப்போதும்போல் சிரித்துக்கொண்டு திரும்பக் கூப்பிடவில்லை. ஊரில் ஒருவரிடமும் இல்லையென்று சொல்லாதவன் தன் தங்கையிடம் மட்டும் தினமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பது அவன் மண்டையில் ஏறவே இல்லை.

மறுநாள் அலுவலகம் போனதும் தாமுவேராவின் கணினி முன்னால் உட்கார்ந்தான். குழுவிடம் கேட்கவில்லை. பதில் இருந்த இடத்தை அழித்துவிட்டு ஒரே ஒரு சொல்லை அடித்தான்: 'முடியாது.' அந்தச் சொல்லை அவன் வாழ்நாளில் எழுதியதில்லை.

"சேமிக்கிற பொத்தானை அழுத்து" என்றான்.

தாமுவேரா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். "எனக்குப் பொண்டாட்டி பிள்ளை இருக்கு அண்ணே. நீங்களே அழுத்துங்க."

அவனே அழுத்தினான்.

திறப்பு விழா பேசோ மனியாபாவில். ஊர் கூடும் அந்த மன்றத்தில் தூணுக்குத் தூண் அவரவர் குடும்ப இடத்தில் பாய் விரித்து ஜனம் நிறைந்திருந்தது. நடுவே வெள்ளைத் துணி கட்டி, பெட்டியில் வருவதெல்லாம் அதில் பெரிதாகத் தெரியும்படி தாமுவேரா ஏற்பாடு செய்திருந்தான். அமைச்சர் பூ முடியோடு உட்கார்ந்திருந்தார். ஆடி முடித்த பெண்கள் விருந்தாளி மரியாதையாக ஃபியோனாவின் கழுத்தில் கொட்டிய பவுடரில் அவள் மாவில் புரட்டிய மீனாக இருந்தாள். கினாய் பெண்களோடு ஒரு தூணோரம், மடியில் ரூத்தாவின் தலை.

முதல் ஆர்டர் ஊர்ப் பெரியவர் பரனிகோ கையால். 'வாங்கு' பொத்தானை அழுத்த முதல் நாளே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கிழவர் கைபேசியைக் கண்ணுக்கு அருகே பிடித்து, பொத்தானைத் தாண்டிப் போய், ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினார். துணியில் வந்தது: 'சிவப்பு ரவிக்கை. புபுசி. பரனிகோ.'

அதன் கீழேயே: 'முடியாது.'

நகிபே தன் கால் விரல்களை எண்ணுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார். எண்பது வயதில் முதல் தடவையாக மறுக்கப்பட்ட மனிதர் துணியையே பார்த்தார், எழுந்து போய் அதன் பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு அப்பன் ஆத்தா இல்லையா?" என்றார்.

"இல்லீங்க தாத்தா. இயந்திரம்" என்றான் பிரிபோ.

"அதானே பார்த்தேன். பாவம், வளர்க்க ஆளில்ல. மரியாதை யாரு சொல்லித் தருவா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கிழவர் திரும்ப உட்கார்ந்து, 'உன் தலை. புபுசி' என்று அடித்தார். 'முடியாது.' அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை, தொடையில் அடித்துக்கொண்டார். அவ்வளவுதான், ஆளாளுக்குக் கைபேசியை எடுத்தார்கள். அமைச்சரின் காரைக் கேட்டார்கள். நகிபேயின் வழுக்கையைக் கேட்டார்கள். ஃபியோனாவைப் பெண் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் 'முடியாது', 'முடியாது', 'முடியாது.' காலம் காலமாக ஒருவரும் சொல்லத் துணியாத சொல்லை ஓர் அநாதை இயந்திரம் வெட்கமில்லாமல் சொல்வதைப் பார்த்து ஜனம் கண்ணில் நீர் வரச் சிரித்தது. சிரித்து ஓய்ந்த பிறகு, ஐஸ் பெட்டி கேட்ட அதே சித்தி, "சரி, இது மசியாது போல, அந்த மஞ்சளைக் காசு குடுத்தே வாங்கித் தொலைக்கிறேன்" என்று 'வாங்கு' பொத்தானை அழுத்தினாள். பின்னாலேயே இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தி.

பிரிபோவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஜெயித்துவிட்டோம், கடை நின்றுவிட்டது, இனி அவள் போக மாட்டாள். கினாய் இருந்த பக்கம் திரும்பினான். அவள் குனிந்து கைபேசியில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

துணியில் வந்தது: 'அண்ணே, நேர்ல கேக்க விட மாட்டேங்கிறே. நான் ஆஸ்திரேலியா போகணும். ரூத்தாவைப் பாத்துக்க. புபுசி. கினாய்.'

அதன் கீழே, கண் மூடித் திறப்பதற்குள்: 'முடியாது.'

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. அமைச்சர் மட்டும் நிகழ்ச்சியில் இதுவும் ஒன்று என்று நினைத்துக் கை தட்டினார், பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து இறக்கினார்.

பிரிபோ எழுந்தான். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நிமிர்ந்து நடக்கக் கூடாது. கூன் போட்டுக்கொண்டே நடுவில் நடந்து போய் அவள் எதிரே உட்கார்ந்தான். ரூத்தா எழுந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கடைதான் நின்னுடுச்சே கினாய்" என்றான். "பாத்தேல்ல? இனிமே ஒருத்தரும் அள்ளிக்கிட்டுப் போக முடியாது."

"கடை போச்சுன்னு போறேன்னு நான் எப்ப சொன்னேன்? நீயாத்தான் சொல்லிக்கிட்டே."

"பின்ன எதுக்குப் போறே?"

"எனக்குப் போகணும் அண்ணே. அவ்வளவுதான். பிறந்ததுலேருந்து இந்த ஒரே ரோட்டுல அந்த முனைக்கும் இந்த முனைக்கும் போய்ட்டு வர்றேன். வேற ஒரு ரோட்டைப் பாக்கணும்." அவள் துணியைக் காட்டினாள். "அது மாட்டேங்குது. அது சொல்லுதா, நீ சொல்றியா?"

"அதுக்கு என்ன தெரியும்? எல்லார்கிட்டயும் அதையேதான் சொல்லும்."

"அப்ப நீ சொல்லு."

மனியாபா முழுக்கக் காது கொடுத்துக்கொண்டிருந்தது.

"சரி" என்றான். "பாத்துக்கறேன்."

ஆனால் கதை அதோடு முடியவில்லை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அவனும் அவளுக்குச் சொந்தம்தானே? அவனும் கேட்கலாமே? போகாதே, புபுசி. இரண்டே சொல். கேட்டுவிட்டால் அவள் போக முடியாது. இத்தனை நாளில் எந்தக் காலையிலும் கேட்டிருக்கலாம். தங்கையிடம் போய், நீ இல்லாமல் எனக்கு முடியாது என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாட்டுக்கே உத்தி எழுதித் தொலைத்திருந்தான் மடையன். இப்போது வெட்கமெல்லாம் போய்விட்டது. வாயைத் திறந்தான்.

கினாய் அவன் கையைப் பிடித்தாள்.

"கேக்காதே அண்ணே" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில். "நீ கேட்டா நான் இருந்துடுவேன்."

பரனிகோ கிழவர் வேண்டுமென்றே சத்தமாக இருமி, சாப்பாடு ஆறுகிறது என்று யாரையோ விரட்டினார். ஜனம் மெல்ல வேறு பக்கம் திரும்பியது. பிரிபோ தங்கையின் முகத்தைப் பார்த்தான்.

"விமானம் எப்பன்னு கேக்க வந்தேன்" என்றான்.

"வியாழக்கிழமை" என்றாள் கினாய்.